வண்டியோட வந்தவள்

லாண்டரி தள்ளுவண்டிக்கு நாலு சக்கரம். மூன்று சொன்ன பேச்சைக் கேட்கும், நாலாவது கேட்காது. அதை இடது காலால் ஒரு எத்து எத்தி நேராக்கிவிட்டுத்தான் தள்ள வேண்டும். பத்தடிக்கு ஒரு எத்து. மடிப்பக்கா பதினோரு வருஷம் அப்படி எத்தி எத்தித் தள்ளியவள். லாண்டரியிலிருந்து ஆஸ்பத்திரிக்கு வெளுத்த விரிப்புகள், ஆஸ்பத்திரியிலிருந்து லாண்டரிக்கு அழுக்கு விரிப்புகள். போகும்போதும் பாரம், வரும்போதும் பாரம். நடுவே ஒரு பெரிய ரோடு.

மடிப்பக்கா என்பது லாண்டரியில் வைத்த பெயர். ஆள் நீள விரிப்பை மற்றப் பெண்கள் இரண்டு பேராகச் சேர்ந்து மடிப்பார்கள். இவள் தனியாளாக மடிப்பாள். ஒரு ஓரத்தைப் பல்லில் கவ்விக்கொண்டு, இரண்டு கையையும் விரித்து ஒரு உதறு உதறுவாள். தரையில் படாமல் எட்டு மடிப்பு விழுந்துவிடும். வாயும் அந்த மாதிரிதான், எதிரில் நிற்கிறவரை ஒரே உதறில் மடித்து மூலையில் வைத்துவிடும். "அவ வாயில துணி இருக்கற வரைக்கும்தான் நமக்கெல்லாம் நிம்மதி" என்று பாய்லர்காரர் சொல்வார். சொல்லிவிட்டு அவளுக்குக் கேட்டதா என்று திரும்பிப் பார்த்துக்கொள்வார்.

மோட்டார் வைத்த மூணு சக்கர வண்டி ஒன்றும் லாண்டரியில் உண்டு. அது பாதி நாள் மெக்கானிக் ஷெட்டில் கிடக்கும். கிடந்தால் கிடக்கட்டும், மடிப்பக்காதான் இருக்கிறாளே என்று முதலாளி கவலைப்படாமல் இருந்தார். அன்றைக்கும் அது ஷெட்டில்தான் கிடந்தது. காலை பத்து மணி, தூறல். ரோட்டின் குறுக்கே வெள்ளைக் கோடு போட்ட இடத்தில் நின்று, நடக்கிறவர்களுக்குப் பச்சை விளக்கு விழுந்த பிறகுதான் மடிப்பக்கா இறங்கினாள். பாதி ரோடு தாண்டியும்விட்டாள். காய்கறி ஏற்றி வந்த வேன் ஒன்று விளக்கையும் பார்க்கவில்லை, கோட்டையும் பார்க்கவில்லை, ஆளையும் பார்க்கவில்லை. தள்ளுவண்டி நசுங்கியது. அவளுடைய வலது தொடை எலும்பு இரண்டாயிற்று, வலது மணிக்கட்டும் ஒடிந்தது. வெளுத்து மடித்த நாற்பது விரிப்புகள் ஈர ரோட்டில் பரவிக் கிடந்தன. நினைவு தப்புவதற்கு முன் அவள் சொன்னது, "ஐயோ, எல்லாத்தையும் திரும்பத் துவைக்கணுமே" என்பதுதான்.

அதன் பிறகு எட்டு மாதமாக அவள் இருப்பு கைப்பிடி உடைந்த ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில். இரண்டு அறை வீடு. நாற்காலியைச் சுற்றி அவள் வீட்டுக்காரரின் பெயிண்ட் டின்களும் பிரஷ்களும் மடக்கு ஏணியும். அவர் வீடுகளுக்கு வெள்ளையடிக்கிறவர். தெருவுக்கும் அவர் பெயிண்டர்தான், கோபம் வந்தால் அவளுக்கும் பெயிண்டர்தான். சமையல் இப்போது அவர் பொறுப்பு. சோறு பதமாக இருக்கும், எல்லாவற்றிலும் டர்பென்டைன் வாசம் அடிக்கும்.

"இன்னிக்கு எத்தன கோட்டிங் அடிச்சீங்க?" என்று தட்டைப் பார்த்துக் கேட்பாள்.

"ரெண்டுதான். காயட்டும், மூணாவது அடிக்கலாம்" என்பார் அவர்.

அவள் சிரிக்க மாட்டாள். சிரித்து எட்டு மாதமாயிற்று. எலும்பு கோணலாகச் சேர்ந்திருக்கிறது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மறுபடி திறந்து, பழைய கம்பியை எடுத்துவிட்டு வேறு வைத்தால் முன்போல நிற்கலாம். இந்த வருஷத்துக்குள் செய்ய வேண்டும். விட்டால் கடைசி வரைக்கும் கக்கத்தில் கட்டைதான். மடிப்பு மேசை முன்னால் எட்டு மணி நேரம் நிற்க வேண்டும், உட்கார்ந்துகொண்டு விரிப்பு மடிக்க யாராலும் முடியாது. ஆபரேஷனுக்கு இருக்கிற ஒரே வழி கோர்ட்டில் போட்டிருக்கும் நஷ்டஈட்டு வழக்கு. அது கிடைத்தால் நிற்பாள், கிடைக்காவிட்டால் இந்த நாற்காலிதான்.

வக்கீலம்மாவின் ஆபீஸ் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மாடி. கீழே மெஷின் ஓடினால் மேலே மேசை அதிரும். அன்றைக்கு அவர் ஒரு காகிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு, அதை விரலால் தட்டிக்கொண்டே இருந்தார்.

"இந்தப் புகார் மனுவை யாரு எழுதினது?"

"எங்க அண்ணன்" என்றாள் மடிப்பக்கா. "எனக்குக் கையில மாவுக்கட்டு. அவருதான் ஆஸ்பத்திரிக் கட்டில் ஓரத்துல உக்காந்து, நான் சொல்லச் சொல்ல எழுதினாரு. நான் இடது கைப் பெருவிரல் வெச்சேன். அவரே ஸ்டேஷன்ல கொண்டு போய்க் குடுத்தாரு."

"எழுதினதைப் படிச்சுக் காட்டினாரா?"

"காட்டியிருப்பாரு. வலிக்கு ஊசி போட்டிருந்தாங்க. எனக்கு எங்க காதுல விழுந்துது?"

வக்கீலம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். "'நான் எனது பணியின் பொருட்டு வண்டி ஓட்டி வந்துகொண்டிருந்தபோது...'"

"ஓட்டியா?" மடிப்பக்கா நாற்காலியிலிருந்து எழப் பார்த்தாள், கால் விடவில்லை. "நான் என்னத்த ஓட்டினேன்? எனக்கு சைக்கிளே விடத் தெரியாது!"

"நீங்க என்ன சொன்னீங்க?"

"வண்டியோட வந்தேன்னு சொன்னேன். வண்டியோட! தள்ளுவண்டியோட!"

வக்கீலம்மா பெருமூச்சு விட்டார். "அந்த ஒரு சொல் மாறினதுல கேஸே மாறிப் போச்சு. பாருங்கம்மா, நடந்து போறவங்கன்னா சட்டம் ஒரு மாதிரி பாக்கும். வெள்ளைக் கோட்டு மேல, பச்சை விளக்குல, வண்டியைக் கையால தள்ளிட்டு நடந்து போனீங்க. அப்போ நீங்க நடந்து போறவங்கதான், வேன்காரன்தான் நின்னு வழி விட்டிருக்கணும், முழு நஷ்டஈடும் உங்களுக்கு வரணும். இதுதான் நம்ம கட்சி. ஆனா ஓட்டி வந்தீங்கன்னா? நடக்கறவங்க கோட்டு மேல வண்டி ஓட்டினது உங்க தப்பு. லைசென்ஸ் இல்லாதது இன்னொரு தப்பு. லாண்டரி மோட்டார் வண்டியை நீங்க ஓட்டிட்டு வந்து குறுக்கே விட்டீங்கன்னு வேன் டிரைவர் சொல்றான். இன்சூரன்ஸ்காரங்க உங்க மனுவையே தூக்கிக் காட்டறாங்க. அவங்க வாயாலயே ஓட்டினேன்னு சொல்றாங்களேன்னு கேட்டா நான் என்ன சொல்றது?"

"நசுங்கின வண்டி இருந்தாக் காட்டலாம்" என்றார் பெயிண்டர். "அதை முதலாளி அன்னிக்கே பழைய இரும்புக்குப் போட்டுட்டாரு."

"அவரு வந்து சொல்வாரா?"

"வேலை நேரத்துல அடிபட்டதுன்னு ஆனா தானும் தரணுமேன்னு பயம். ஃபோனையே எடுக்கறதில்ல. மெக்கானிக்கும் லாண்டரி ஆளுங்களும் அவருக்குப் பயந்து வாயைத் திறக்க மாட்டேங்கறாங்க."

"ரோட்டுல பாத்தவங்க?"

"பாத்தவங்க நூறு பேரு" என்றாள் மடிப்பக்கா. "பேரு என்னன்னு போலீஸ்காரர் கேட்டதும் நூறு பேருக்கும் பஸ் வந்துருச்சாம்."

"அப்போ உங்க அண்ணன்தான் வரணும். வார்டுல சத்தம், காதுல தப்பா விழுந்துருச்சு, மாத்தி எழுதிட்டேன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

பெயிண்டர் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். "மச்சானா? தப்புன்னா? நீங்க வேற! அந்த வேன் டிரைவரைக் கேட்டாக்கூட ஒத்துக்குவான் வக்கீலம்மா."

அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அரசாங்க அலுவலகத்து வாசலில் மர மேசை போட்டு மனு எழுதுகிறவர். முப்பத்து நாலு வருஷ மேசை. தமிழில் அவருக்குத் தெரியாதது இல்லை என்று அவர் சொல்வார், மறுத்துப் பேசினால் நேரம் விரயம் என்று மற்றவர்கள் விட்டுவிடுவார்கள். கடைப் பலகையில் ஒற்று விட்டுப் போயிருந்தால் கடைக்காரரைக் கூப்பிட்டு, "இந்த இடத்துல வல்லினம் மிகும்" என்று சொல்லிவிட்டுத்தான் சாமான் வாங்குவார். துக்க வீட்டில் ஒட்டிய கண்ணீர் அஞ்சலி நோட்டீஸில் பேனாவால் ஒரு 'க்' சேர்த்த மனிதர். ஊரே அவருக்கு வல்லினம் என்று பேர் வைத்துவிட்டது. அவரும் அதைப் பட்டம் என்று எடுத்துக்கொண்டார்.

மறுநாள் வெயில் ஏறுவதற்குள் மடிப்பக்கா ஆட்டோவில் போய் அந்த மேசை முன்னால் இறங்கினாள். ஒரு கையில் கட்டை, ஒரு பக்கம் பெயிண்டர். மனுவுக்கு நாலைந்து பேர் நின்றார்கள். மேசை மேல் பச்சை விரிப்பு, அதன் மேல் எழுதி முடித்த மனுக்கள் வரிசையாக, ஒவ்வொன்றின் மேலும் ஒரு கூழாங்கல். அண்ணன் தலை தூக்காமல், "வரிசையில வா" என்றார். பிறகுதான் பார்த்தார்.

"நீயா? எதுக்கு இவ்வளவு தூரம் காலை இழுத்துட்டு வந்தே?"

"எதுக்கா? மனுவுல நீ என்னத்த எழுதி வெச்சேன்னு கேக்க வந்தேன். நான் ஓட்டினேனா?"

"நீ சொன்னதை எழுதினேன்."

"நான் வண்டியோடன்னு சொன்னேன்."

"ஓட்டின்னு சொன்னே."

"ஓடன்னு சொன்னேன்!"

"அப்படி ஒரு உருபே எழுத்துல கிடையாது. மூன்றாம் வேற்றுமை. ஓடு, உடன். சொல்றதா இருந்தா வண்டியோடுன்னு சொல்லியிருக்கணும்."

"தொடை ரெண்டாப் போய்க் கிடக்கு, நான் வேற்றுமை பாத்துப் பேசணுமா? எந்த வேற்றுமையில அழணும்னும் சொல்லிக் குடுத்திருக்கலாமே!"

வரிசையில் நின்றவர்களில் ஒருவர் சிரித்துவிட்டார். அண்ணன் அவரை முறைத்த முறைப்பில் அவர் அலுவலகப் பலகையைப் படிக்க ஆரம்பித்தார்.

"மச்சான்," என்று பெயிண்டர் நடுவில் புகுந்தார், "ஒண்ணும் பெருசா வேண்டாம். காதுல சரியா விழலைன்னு கோர்ட்ல வந்து ஒரு வார்த்தை..."

"மாப்பிள்ளை, முப்பத்தி நாலு வருஷம். இந்த மேசையில இருந்து போன ஒரு மனு, பிழைன்னு சொல்லித் திரும்பி வந்தது கிடையாது. நான் கூண்டுல ஏறி எனக்குக் கேக்கவும் தெரியலை எழுதவும் தெரியலைன்னு சொல்லணுமா? நாளைக்கு இவங்கள்ல எவன் என்கிட்ட வருவான்?"

"என் கால் போவுதுண்ணே."

"காலை ஒடிச்சது நான் இல்லை. வேன்காரனைக் கேளு."

மடிப்பக்கா ஒன்றும் பேசவில்லை. அவள் பேசாமல் இருந்தால் ஒதுங்கி நிற்க வேண்டும் என்று லாண்டரியில் எல்லாருக்கும் தெரியும், அண்ணனுக்குத் தெரியவில்லை. கட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பச்சை விரிப்பின் ஓரத்தை இரண்டு கையாலும் பிடித்து ஒரே உதறு உதறினாள். ஒடிந்து சேர்ந்த மணிக்கட்டு விண்ணென்று தெறித்தது. கூழாங்கற்கள் தெறித்தன, மைப் புட்டி உருண்டது, மனுக்கள் வெயிலில் மேலே எழும்பி அலுவலக வாசல் முழுக்க இறங்கின. வரிசையில் நின்றவர்கள் தங்கள் தங்கள் மனுவைப் பிடிக்க ஓடினார்கள். ஒரு கிழவர் தன்னுடையதை மிதித்துப் பிடித்துவிட்டு, மிதித்ததற்காக அதையே கும்பிட்டார்.

"ராட்சசி!" என்று அண்ணன் கத்தினார்.

"இதுல எங்க வல்லினம் மிகும்னு பாத்துப் போட்டுக்க" என்றாள் அவள். விரிப்பை எட்டாக மடித்து மேசை மேல் வைத்துவிட்டுத்தான் ஆட்டோவில் ஏறினாள்.

அன்று சாயங்காலமே அண்ணி வந்தாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. பெயிண்டர் நீட்டிய டீயை வாங்கி ஜன்னலில் வைத்தாள், குடிக்கவில்லை.

"நடு வாசல்ல உங்க அண்ணனை நாறடிச்சிட்டு வந்திருக்கே. நல்லா இருக்கா?"

"அவரு என்னைக் கோர்ட்ல நாறடிச்சிருக்காரு. அது நல்லா இருக்கா?"

"அவரு உனக்கு என்ன கெடுதல் நெனச்சாரு? ஒரு மாசம் ஆஸ்பத்திரிக்கு நடந்தாரே, அதெல்லாம் மறந்துபோச்சா?"

"நடந்தாரு. வந்து என் கேஸ் சீட்டுல டாக்டர் எழுதின தமிழைத் திருத்தினாரு."

அண்ணியின் முகம் சிவந்தது. "எங்க தெருவுல உனக்குன்னு ஒரு மரியாதை வெச்சிருந்தோம். எங்க பொண்ணைக் கட்டப் போற வீட்டுக்காரங்ககிட்ட, அத்தை லாண்டரியில சூப்பர்வைசர்னு சொல்லி வெச்சிருக்கோம். நீ இப்படிக் கட்டையை ஊணிட்டு ஊரு பாக்க வந்து ஆடினா, அவங்க காதுக்குப் போகாதா?"

மடிப்பக்காவுக்கு முதலில் புரியவில்லை. "நான் எப்போ சூப்பர்வைசர் ஆனேன்?"

"உங்க அண்ணன் சொன்னாரு."

"சம்பளத்தையும் அவரையே குடுக்கச் சொல்லுங்க அண்ணி."

அண்ணி போய்விட்டாள். டீ ஜன்னலில் ஆறி ஆடை கட்டிக்கொண்டிருந்தது. பெயிண்டர் அதை எடுத்துத் தானே குடித்தார். "சூப்பர்வைசர்" என்று தனக்குள் சொல்லிப் பார்த்துவிட்டு, அவள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

அண்ணன் தானாக வர மாட்டார் என்று தெரிந்ததும் வக்கீலம்மா கோர்ட்டு மூலம் சம்மன் அனுப்பினார். சம்மனை வாங்கிய அண்ணன் அதில் இரண்டு இடத்தைச் சிவப்பு மையால் சுழித்துத் தன் மேசையில் வைத்திருந்ததாகக் கேள்வி.

விசாரணை நாளன்று மழை. கோர்ட்டு பழைய கட்டடத்தின் மேல் மாடி, வெளிப்பக்கமாகப் படிக்கட்டு. மடிப்பக்கா பதினாலு படியையும் கைப்பிடிச் சுவரைப் பிடித்து ஏறி முடிக்கும்போது தொடையில் கம்பி இருக்கிற இடம் காந்தியது. உள்ளே ஈரக் குடைகளின் நாற்றம், மேலே தலையை ஆட்டிக்கொண்டு சுற்றும் மின்விசிறி. காய்கறி வேனின் டிரைவர் பின் பெஞ்சில் உட்கார்ந்து கொட்டாவி விட்டான். அவளைப் பார்த்ததும் நகம் கடிக்க ஆரம்பித்தான். போய் அவன் தலையில் கட்டையால் ஒன்று போட வேண்டும் என்று அவளுக்குக் கை ஊறியது.

அண்ணன் தேய்த்த சட்டையில் வந்திருந்தார், பையில் மூன்று பேனா. வராந்தாவிலேயே வக்கீலம்மா அவரை மறித்து, தணிந்த குரலில் சொன்னார். "ஐயா, பெருசா ஒண்ணும் வேண்டாம். அவங்க வலியில முனகினாங்க, சரியாக் கேக்கலைன்னு சொல்லுங்க. காது தப்புதான், உங்க தமிழ்த் தப்பு இல்ல. யாரும் உங்களைக் குறை சொல்ல மாட்டாங்க."

அண்ணன் தங்கையைப் பார்க்கவில்லை. "என்ன கேக்கறாங்களோ அதுக்குப் பதில் சொல்றேன்" என்றார்.

கூண்டில் ஏறி நின்றார். மனு அவர் கையில் கொடுக்கப்பட்டது. அது தன் எழுத்துதான் என்று ஒத்துக்கொண்டார். தங்கை என்ன சொன்னாள் என்று வக்கீலம்மா கேட்டபோது, "பேச்சு வழக்கில் ஏதோ சொன்னாள், நான் அதை எழுத்து வழக்கில் எழுதினேன்" என்றார். எத்தனை விதமாகக் கேட்டும் அதற்கு மேல் அவர் நகரவில்லை. வக்கீலம்மா உட்கார்ந்தார். பெயிண்டர் மடிப்பக்காவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

இன்சூரன்ஸ் வக்கீல் எழுந்தார். தொண்டை கட்டியவர், வாயில் மாத்திரை ஒன்றை ஒதுக்கிக்கொண்டு பேசினார்.

"நீங்க எத்தனை வருஷமா மனு எழுதறீங்க?"

"முப்பத்தி நாலு."

"உங்க எழுத்துல பிழை வருமா?"

"வராது."

"ரொம்ப சந்தோஷம். அப்போ நீங்க 'ஓட்டி'ன்னு எழுதியிருந்தா அவங்க 'ஓட்டி'ன்னுதானே சொல்லியிருக்கணும்?"

அண்ணன் பையிலிருந்த பேனாக்களைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"சொல்லுங்க. அவங்க 'வண்டியோட'ன்னு சொன்னதாச் சொல்றாங்க. அது உண்மைன்னா, 'ஓட'வுக்கும் 'ஓட்டி'க்கும் உங்களுக்கு வித்தியாசம் தெரியாதுன்னு அர்த்தம். முப்பத்தி நாலு வருஷமாத் தெரியாமலே எழுதிட்டு இருக்கீங்கன்னு அர்த்தம். அப்படியா?"

"எனக்கா தெரியாது?" அண்ணனின் குரல் கூரையில் போய் முட்டியது. மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்த நீதிபதி கண்ணைக் கீழே இறக்கினார். "'ஓட' என்பது 'ஓடு' என்பதன் பேச்சு வடிவம். வண்டியோட என்றால் வண்டியோடு, அதாவது வண்டியுடன். 'ஓட்டி' வினையெச்சம். ரெண்டுக்கும் சம்பந்தமே கிடையாது. இது நாலாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும். எனக்குத் தெரியாதா?"

"தெரியும்ல? அப்போ அவங்க என்ன சொன்னாங்க?"

"வண்டியோடன்னுதான் சொன்னா. தெளிவாச் சொன்னா. தெளிவாக் கேட்டுது."

இன்சூரன்ஸ் வக்கீலின் வாயில் மாத்திரை ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்குப் போனது. அதோடு உட்கார்ந்திருக்கலாம். ஆனால் கேள்வி அவர் வாயிலிருந்து வந்துவிட்டது. "பின்ன ஏன் ஓட்டின்னு எழுதினீங்க?"

அண்ணன் மனுவைக் கூண்டின் கட்டையில் வைத்தார், சுருக்கத்தை நீவினார். அவர் பேசியது நீதிபதியிடம்.

"தெரிஞ்சேதான் மாத்தினேன் ஐயா. என் கூடப் பிறந்தவ ஆஸ்பத்திரி அழுக்குத் துணியை ரோட்டுல தள்ளிட்டுப் போறவன்னு என் கையால எழுத எனக்குக் கூச்சமா இருந்துது. அந்த ஸ்டேஷன்ல என் கையெழுத்தை எல்லாருக்கும் தெரியும். யாரு இந்தப் பொம்பளைன்னு கேப்பாங்க. ஓட்டின்னு போட்டா கொஞ்சம் கௌரவமா இருக்கும்னு போட்டேன். அது ஒண்ணுதான். மத்தபடி அந்த மனுவுல பிழைன்னு ஒண்ணு கிடையாது."

பின்பக்கம் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். வக்கீலம்மா வேகவேகமாக எழுதினார். வழக்கு தங்கள் பக்கம் திரும்பிவிட்டது என்பது அவர் எழுதுகிற வேகத்திலேயே தெரிந்தது. இன்சூரன்ஸ் வக்கீல் ஒன்றுமில்லை என்று கையை விரித்து உட்கார்ந்தார்.

மடிப்பக்காவுக்கும் புரிந்தது. அண்ணன் அவள் 'ஓட்டி' என்றுதான் சொன்னாள் என்று சாதித்திருக்கலாம், சாதிக்கவில்லை. காதில் விழவில்லை என்றும் சொல்லியிருக்கலாம், அதையும் சொல்லவில்லை. தன் தமிழைக் காப்பாற்றிக்கொண்டு, கூடவே அவள் காலையும் காப்பாற்றிக் கொடுத்துவிட்டார். அதற்காக அவள் சந்தோஷப்பட வேண்டும். ஆனால் அவளுக்கு வயிறு எரிந்தது. வேன் இடித்தபோதுகூட இப்படி எரியவில்லை. பதினோரு வருஷம் எந்தத் தெருவில் போனாலும் தலை நிமிர்ந்து தள்ளிக்கொண்டு போனவள் அவள். அண்ணன் மேசை போட்டிருக்கும் அலுவலகத்து வழியாகவும் எத்தனையோ தடவை போயிருக்கிறாள், போகும்போதெல்லாம் கை ஆட்டியிருக்கிறாள். அவர் குனிந்து எழுதிக்கொண்டிருப்பார். வேலை மும்முரம் என்று நினைத்துக்கொண்டு போயிருக்கிறாள்.

நீதிபதி டைப் அடிக்கிறவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "மனுதாரர் சம்பவ நேரத்தில் அழுக்குத் துணி வண்டியைக் கையால் தள்ளிக்கொண்டு நடந்து வந்தார் எனச் சாட்சி..."

"ஐயா!"

மடிப்பக்கா எழுந்து நின்றிருந்தாள். கட்டை பெஞ்சிலேயே இருந்தது. பெயிண்டர் இழுத்தார், அவள் கையை உதறினாள்.

"என்னம்மா?"

"அழுக்குத் துணி இல்லீங்க. அன்னிக்கு அது வெளுத்த துணி. நாப்பது விரிப்பு. சோடாவுல ஊறப் போட்டு, கொதிக்க வெச்சு, அலசி, காய வெச்சது. நாப்பதும் நான் மடிச்சது. அதை அப்படியே எழுதச் சொல்லுங்க."

"வழக்குக்கு அதனால வித்தியாசம் ஒண்ணும் இல்லம்மா."

"எனக்கு இருக்குங்க."

நீதிபதி டைப் அடிக்கிறவர் பக்கம் திரும்பி, "அழுக்குன்னு இருக்கறதை எடுத்துடுங்க. வெளுத்த துணி" என்றார். மெஷின் பின்னால் போய் முன்னால் வந்தது.

வராந்தாவில் வக்கீலம்மா அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார். இனி இன்சூரன்ஸ்காரர்கள் பேச இடமில்லை, டாக்டரிடம் ஆபரேஷனுக்கு நாள் கேட்டு வையுங்கள் என்றார். பெயிண்டர் அங்கேயே சுவர்ப் பக்கம் திரும்பி நின்று அழுதார். மழை விட்டிருந்தது. படிக்கட்டில் தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது.

அண்ணன் வெளியே வந்தார். அவர் முகத்தில் ஒரு தெளிவு இருந்தது. நல்ல மனு ஒன்றை எழுதி முடித்தால் அந்த முகம்தான் இருக்கும்.

"பாத்தியா? நான் வந்து சொன்னதாலதான் கேஸ் ஜெயிச்சுது. அந்த வக்கீல் வாயை அடைச்சாச்சு. அவனுக்கு வினையெச்சமே தெரியலை."

அவள் முதல் படியருகே வந்து கட்டையை எங்கே ஊன்றுவது என்று பார்த்துக்கொண்டு நின்றாள்.

"படி ஈரமா இருக்கு, புள்ள. கையைப் பிடிச்சுக்க." அண்ணன் அவள் முழங்கையைத் தாங்கப் பிடித்தார்.

மடிப்பக்கா அந்தக் கையைப் பார்த்தாள். ஆள்காட்டி விரலில் மை, சட்டைக் கையில் கத்தி மடிப்பு.

"கையை எடுண்ணே," என்றாள். "அழுக்கு ஒட்டிக்கும்."

அவர் கையை எடுத்தார். அவள் பெயிண்டரைக் கூப்பிட்டு, அவர் தோளைப் பிடித்துக்கொண்டு படியில் இறங்கினாள்.